ஒன்றிலிருந்து இரண்டுக்கு

கர்ப்பப்பையை எடுத்த ஐந்தாம் நாள் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். பின் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, மடித்த துண்டு ஒன்றை வயிற்றின் மேல் வைத்துப் பிடித்திருந்தார். கிள்ளானில் மேரு சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்றுதான் போக வேண்டும். ஒவ்வொரு பச்சை விளக்குக்கும் காடி நகர்ந்து முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது, இருக்கையைப் பின்னாலிருந்து யாரோ தட்டுவதுபோல ஓர் இடி. மூன்றாவது சிக்னலுக்குள் அம்மாவுக்கு அது எப்போது வரும் என்று பிடிபட்டுவிட்டது. இடி வருவதற்குச் சற்று முன்பே அவர் கை துண்டை இறுக்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"காடி பழசாயிடுச்சில்ல," என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அந்த இடிக்கும் காடியின் வயதுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஆயிரத்து இருநூறு ரிங்கிட் கொடுத்து அதை நானேதான் போட்டுக்கொண்டேன்.

என்னுடையது ஆறு கியர் உள்ள பழைய ஜெர்மன் காடி, ஆட்டோ. மூன்றாம் கை. வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரே குறை, கியர் மாறுவதே தெரியவில்லை. நண்பர்களின் காடிகளில் 'டப் டப்' என்று கியர் விழும். என்னுடையது வெண்ணெயில் கத்தி போனதுபோல நழுவும். ஷா ஆலம் பக்கம் கியர்பாக்ஸ் டியூனிங் செய்யும் அண்ணன் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். போய், "நல்லா அடிக்கிற மாதிரி வேணும் அண்ணே," என்றேன். அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார்.

ஆட்டோ கியர்பாக்ஸ் புதிய சரக்கல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல், அடுத்த வருட ஓல்ட்ஸ்மொபில் காடிகளுக்காக ஹைட்ராமேட்டிக்கைக் கொண்டுவந்தது. அதில் கணினி கிடையாது. எண்ணெய் அழுத்தமும் ஸ்பிரிங்கும் வால்வும் சேர்ந்துதான் எப்போது கியரை மாற்றுவது என்று முடிவு செய்தன. பிற்காலத்தில்தான் அந்த வேலை கணினிக்கும் சொலினாய்டுகளுக்கும் வந்தது. "நான் தவுக்கேகிட்ட தொழில் கத்துக்கிட்டப்ப வால்வு பாடிய கழட்டி ஸ்பிரிங்க மாத்துவோம், தகட்டுல ஓட்டைய பெருசாக்குவோம். தப்பா போச்சுன்னா மறுபடி கியர்பாக்ஸ இறக்கணும்," என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். இப்போது அதே வேலை எண்களில் நடக்கிறது. பெடலை எவ்வளவு மிதித்திருக்கிறோம், எஞ்சின் எவ்வளவு சுழல்கிறது என்று கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு அழுத்தம், எத்தனை மில்லி வினாடி.

என் காடியில் அண்ணன் அன்று செய்தது எளிது. எல்லாக் கட்டங்களிலும் அழுத்தத்தைக் கூட்டி, நேரத்தைக் குறைத்து, கியர் மாறும் இடத்தையும் தள்ளிவைத்தார். நான் கேட்டது அதுதான்.

அம்மாவை வீட்டில் படுக்க வைத்த மறுநாள் மீண்டும் அங்கே போய் நின்றேன்.

"அண்ணே, பழையபடி ஆக்கிடுங்க. அதைவிட இன்னும் சாஃப்ட்டா ஆக்குங்க. கியர் மாறுறதே தெரியக்கூடாது."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு பழைய கிளட்ச் தட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அதன் உராய்வுப் பூச்சு கருகி, விளிம்பில் உரிந்திருந்தது.

"இந்தக் காடி ஓனர் கடைசி வரைக்கும் ஸ்மூத்தா போகுதுன்னுதான் சொன்னாரு. குலுங்கலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல தம்பி. உள்ள எரியும், வெளிய தெரியாது."

பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். என் கியர்பாக்ஸில் ஐந்து பிடிகள். எந்தக் கியரிலும் இரண்டு பிடிகள் பற்றியிருக்கும். கியர் மாறுவது என்றால் ஒன்று விடும்போது இன்னொன்று பற்றுவது. புதியது பற்றுமுன் பழையது விட்டுவிட்டால் எஞ்சின் வெறுமனே உறுமும். பழையது விடுமுன் புதியது பற்றிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் காடி முட்டும். நடுவில் கொஞ்ச நேரம் தட்டுகள் வழுக்கித்தான் ஆக வேண்டும். அந்த வழுக்கலைத்தான் நாம் 'ஸ்மூத்' என்கிறோம். அதை நீட்டினால் சுகம், ஆனால் சூடு. சுருக்கினால் தட்டுகள் பிழைக்கும், உட்கார்ந்திருப்பவர் குலுங்குவார்.

முதல் கியரின் விகிதம் 4.17, இரண்டாவது 2.34. 2,000 சுற்றில் மாறினால் எஞ்சின் ஒரே மூச்சில் 1,120-க்கு இறங்க வேண்டும். ஐந்திலிருந்து ஆறுக்கு என்றால் 1,600 வரை இறங்கினால் போதும். எல்லா மாற்றங்களிலும் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதுதான் பெரிய படி. எஞ்சின் இழக்கும் அந்த வேகம் எங்காவது போயாக வேண்டும். சூடாகத் தட்டுக்குப் போகும், அல்லது இடியாக நமக்கு வரும்.

நான் அந்தக் கருகிய தட்டைப் பிடித்தபடி வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு வருடமாக இரத்தப்போக்கோடுதான் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். டாக்டர் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரியும். அந்த ஒரு வருடத்தில் எங்கள் வீட்டில் சாப்பாடு ஒருநாள் தாமதமாகவில்லை, என் சட்டை ஒருநாள் துவைக்காமல் கிடக்கவில்லை. எல்லாம் நன்றாகப் போகிறது என்றே நானும் அப்பாவும் இருந்தோம்.

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாதா அண்ணே?"

"யாரு சொன்னா? எல்லா இடத்துலயும் மென்மையா இருக்க முடியாதுன்னுதான் சொன்னேன். அம்மா உட்கார்ந்திருக்கிறப்ப நீ பெடல எவ்ளோ மிதிப்ப?"

மெதுவாக மிதிக்கும் கட்டங்களை மட்டும் எடுத்தார். அங்கே எஞ்சினின் இழுவை குறைவு. குறைந்த அழுத்தமே தட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். 2,400 சுற்றில் மாறிக்கொண்டிருந்ததை 1,800-க்குக் கொண்டுவந்தார். அப்போது இறங்க வேண்டிய படி 1,050-இலிருந்து 790 ஆகக் குறைகிறது. கியர் மாறும் கணத்தில் எஞ்சின் தன் தீப்பொறியைச் சற்றுத் தாமதித்து இழுவையை விட்டுக்கொடுக்குமாறும் செய்தார். தட்டுகள் அதிகம் வழுக்காமலே இடி குறைய அது ஒரு வழி. அழுத்தி மிதிக்கும் கட்டங்களைத் தொடவில்லை. கடைசியில் கியர்பாக்ஸ் கற்று வைத்திருந்ததை அழித்தார். தட்டுகள் தேயத் தேய, கணினி அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்குமாம். "புதுசா கத்துக்கட்டும். ரெண்டு நாள் கிறுக்குத்தனமா இருக்கும், பொறுத்துக்கோ."

எண்ணெய் சூடேறிய பிறகு நான் ஓட்ட, அவர் லேப்டாப்பை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்கு தடவை நிறுத்தி எண்களை மாற்றினோம். கடைசித் தடவை ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறியபோது ஒரு மெல்லிய அசைவு மட்டும் இருந்தது. "இதுக்கு மேல கேக்காத," என்றார். காசும் வாங்கவில்லை.

தையலைக் காட்டப் போன நாளில் அம்மாவின் கை துண்டின் மேலேயே இருந்தது. முதல் சிக்னலில் பழக்கத்தில் இறுக்கினார். இடி வரவில்லை. அடுத்ததிலும் இறுக்கினார். நான்காவதில்தான் கை தளர்ந்தது.

"காடி நல்லாயிடுச்சாடா?"

அப்போது சொன்னேன், அந்த இடியை நான்தான் காசு கொடுத்து வைத்தேன் என்று.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஆயிரத்து இருநூறு வெள்ளி குடுத்தா என்னைக் குலுக்குன?" என்றவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு துண்டை மறுபடி வயிற்றோடு அழுத்திக்கொண்டு, "சிரிக்க வைக்காதடா, தையல் இழுக்குது," என்றார்.

வலிக்கிறது என்று அம்மா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த சிக்னல் வரும்வரை காடியை மெதுவாகவே ஓட்டினேன்.