நாடி குறைஞ்சா எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தமில்லைங்க

எங்க ஊர்ல ஒருத்தர் பிழைப்பாரா மாட்டாரான்னு பார்க்க, பெரியவங்க முதல்ல கையைத் தொட்டுப் பார்ப்பாங்க. உடம்பு ஜில்லுன்னு இருந்து நாடியும் எறங்கிட்டா, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடுவாங்க. 2016ல என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இந்த ரெண்டுமே இருந்துச்சு. இன்னைக்கும் அவர்தான் மஞ்சள் காட்டுக்குத் தண்ணி கட்டறாருங்க.

கரும்பு லோடு ஏத்தும்போது சுருண்டு விழுந்தவருக்கு மூச்சே இல்லை. நர்சிங் படிக்கிற பக்கத்து வீட்டுப் பொண்ணு, 108 வர்ற வரைக்கும் நெஞ்சை அமுக்கறதை நிறுத்தலை. ஷாக் கொடுத்ததும் துடிப்பு திரும்பிருச்சு, நினைவு மட்டும் திரும்பலை.

ஐசியுவில் ஐஸ் பேக்கும் குளிர் போர்வையும் வச்சு, உடம்புச் சூட்டை 33 டிகிரிக்கு இறக்கி 24 மணி நேரம் வச்சிருந்தாங்க. நடுக்கம் வராம இருக்க மயக்க மருந்து. மானிட்டர்ல துடிப்பு 42. பெரியப்பா பார்த்துட்டு, "நாடி எறங்கிருச்சு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்"னு சொல்லிட்டார். தங்கச்சி என் முகத்தைப் பார்த்து, "அண்ணா, நீ சொல்லு"ன்னா.

நான் டாக்டர்கிட்டயே கேட்டேன். பொறுமையா சொன்னார். சூடு ஒரு டிகிரி குறைஞ்சா மூளையோட ஆக்ஸிஜன் தேவை 6, 7 சதவீதம் குறையும். குளிர்ல இதயம் தானா மெதுவாகும்; ரத்த அழுத்தம் சரியா இருந்தா 42 துடிப்பே போதும். ஈசிஜியில் துடிப்புக்குப் பக்கத்துல ஒரு சின்ன மேடு தெரிஞ்சுது. அதுக்கு ஆஸ்பார்ன் அலைன்னு பேராம், குளிரால வர்றது. 30 டிகிரிக்குக் கீழே போனாத்தான் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து அதிகம், அதனாலதான் 33லயே நிறுத்தறோம்னார். மூளை எப்படி இருக்குன்னு சொல்ல குறைஞ்சது 72 மணி நேரம் வேணும்னும் சொன்னார்.

"பொறுத்துப் பார்ப்போம்"னு தங்கச்சிகிட்ட சொன்னேன்.

அடுத்து சூடேத்துனாங்க, மணிக்கு கால் டிகிரி வீதம். அவசரப்பட்டா ரத்த அழுத்தம் விழும், பொட்டாசியம் ஏறும், துடிப்பு கெடும். 37 வர 16 மணி நேரமாச்சு. 42 மெல்ல 50 ஆகி, 60 ஆகி, 74ல நின்னுச்சு. அந்த மேடும் மறைஞ்சுது. நாலாம் நாள் கண்ணைத் திறந்து தங்கச்சி பேரைச் சொன்னார்.

2002ல ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகளுக்கு அப்புறம்தான் இந்த வைத்தியம் பரவுச்சு. 2021ல வந்த பெரிய ஆய்வுல, 33க்கு இறக்கினாலும், காய்ச்சல் வராம பார்த்துக்கிட்டாலும் பலன் ஒண்ணுதான்னு தெரிஞ்சுது. அதனால இப்போ பல இடத்துல குளிர வைக்கறதில்லை. ஆனா அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாதுங்கறது மாறலை.

உங்க வீட்டு ஆள் ஐசியுவில் இருந்தா, நாடி ஏன் குறைஞ்சிருக்கு, எப்போ உறுதியா சொல்ல முடியும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நெஞ்சை அமுக்கறதை நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவைன்னு வீட்டுக்கு ஒருத்தராவது கத்துக்குங்க. அந்தப் பொண்ணு கத்து வச்சிருந்ததாலதான் மத்த எல்லா வைத்தியத்துக்கும் நேரம் கிடைச்சுது.