சுவரோரத்து ஈரம்

தம்பி வீட்டுக்குள் வரவில்லை. வானை நிறுத்திவிட்டு நேரே பின்வளவுக்குப் போனார். அங்கே சுவரைத் துளைத்து வெளியே வந்து, திரும்பவும் சுவரையே பார்த்தபடி வளைந்திருந்தது ஒரு 15 மில்லிமீற்றர் செப்புக் குழாய். அதன் வாயில் விரலை வைத்துப் பார்த்தார். செங்கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"அண்ணை, வருத்தம் என்னெண்டு இந்தச் சுவர் சொல்லுது."

சவுத் ஹாரோவில் 1930களில் கட்டிய வீடு. எனக்குத் தெரிந்த முதியவர், யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், தனியாக இருக்கிறார். ஜனவரிக் குளிரில் மூன்று கிழமையாக ரேடியேற்றர்கள் சரியாகச் சூடாகவில்லை. பொயிலர் திருத்தும் இந்தத் தம்பியை நண்பர் ஒருவர்தான் அறிமுகப்படுத்தினார். லண்டனில் இத்தனை வருடம் அந்தச் சூட்டை நம்பி வாழ்ந்தும், அது எந்த வழியால் வருகிறதென்று நான் கேட்டதில்லை. அதனால் கூடப் போனேன்.

இதற்கு முன் மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். முதலாமவர் அழுத்தம் குறைந்திருக்கிறது என்று கீழே ஒரு திருகைத் திறந்து தண்ணீர் ஏற்றினார். குறையும்போதெல்லாம் இப்படிச் செய்யுங்கள் என்று அந்த அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டாமவர் பம்பை மாற்றினார். மூன்றாமவர் புதுப் பொயிலர்தான் போடவேண்டும் என்றார்.

தண்ணீர் சூடாகும்போது பெருக்கும். 100 லீற்றரை 10 பாகையிலிருந்து 70 பாகைக்குக் கொண்டுபோனால் இரண்டு லீற்றருக்கு மேல் கூடும். மூடிய குழாய்களுக்குள் அந்த இரண்டு லீற்றர் எங்கே போகும்? அதற்காகவே பொயிலரோடு ஒரு இரும்புக் கலம் இருக்கிறது. உள்ளே குறுக்காக ஒரு றப்பர் தோல். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் பெருக்கும்போது காற்று ஒதுங்கி இடம் கொடுக்கும். அந்தக் காற்று இறங்கிவிட்டால் ஒதுங்க இடமில்லை. அழுத்தமானியின் முள் மூன்று பாருக்கு ஏறும், காப்பு வால்வு திறக்கும், தண்ணீர் அந்தச் செப்புக் குழாயால் சுவரில் சிந்தும். ஆறியதும் முள் ஒரேயடியாக விழும். அந்த அம்மா மறுபடி திருகைத் திறப்பார்.

தம்பி பொயிலரின் முகத்தைக் கழற்றி, கலத்திலிருந்த ஒரு சிறு மூடியைத் திருகினார். உள்ளே கார் ரயரில் இருக்கும் அதே வால்வு. ஊசியை அழுத்தினார். சத்தமே இல்லை.

"தண்ணி வரேல்லை. றப்பர் கிழியேல்லை, அன்ரி. காத்துத்தான் போயிட்டுது."

வானிலிருந்து ஒரு கால் பம்பைக் கொண்டுவந்தார். மிதிபலகை தேய்ந்து பளபளத்தது. முதலில் தண்ணீரின் அழுத்தத்தைச் சுழியத்துக்கு இறக்கினார். இல்லாவிட்டால் மீற்றர் பொய் சொல்லுமாம். பிறகு மிதிக்கத் தொடங்கினார். அந்த மிதியில் ஒரு பழக்கம் தெரிந்தது. கேட்டேன்.

கொக்குவிலில் அப்பாவுக்குச் சைக்கிள் கடை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இவருக்கு வேலை காற்றடிப்பது. 1995 ஒக்ரோபர் 30இல் போருக்குத் தப்பி வலிகாமமே எழும்பி நடந்தபோது இவருக்கு வயது பதினாறு. கடையிலிருந்து அப்பா எடுத்தது இரண்டு குறடும் பம்பும். நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் நகரமுடியாத சனத்துக்குள் நின்று, பொதியேற்றிய சைக்கிள்களுக்கு இவர் விடியும்வரை காற்றடித்திருக்கிறார்.

"ஒருத்தரிட்டையும் காசு வாங்கக்கூடாதெண்டு அப்பா சொல்லிப்போட்டார்."

லண்டன் வந்து ஆறு வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. பகலில் படித்து எரிவாயு வேலைக்கான பதிவு எடுத்தார். 'காஸ் சேஃப்' அட்டை கழுத்தில் தொங்குகிறது. அது இல்லாதவர் இங்கே காசு வாங்கிக்கொண்டு எரிவாயுப் பொயிலரில் கைவைப்பது குற்றம்.

மிதித்து முடிய, முள் ஒரு பாரில் நின்றது. ஒருமுறை திறந்த காப்பு வால்வின் இருக்கையில் ஊத்தை சிக்கியிருக்கும், பிறகு ஒழுங்காக மூடாது என்று அதையும் மாற்றினார். ஆனாலும் இரண்டு ரேடியேற்றர்கள் மேலே சூடு, கீழே குளிர். மேலே குளிர்ந்தால் காற்று. கீழே குளிர்ந்தால் சேறு. கழற்றி வளவுக்குக் கொண்டுபோய்க் கழுவினார். மைபோலக் கறுப்புத் தண்ணீர். வாளிக்குள் அவர் விட்ட காந்தம் மயிர் முளைத்ததுபோல வெளியே வந்தது. எல்லாம் ரேடியேற்றரின் சொந்த இரும்பு. திருகைத் திறந்து ஏற்றிய ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஒட்சிசன் உள்ளே போய் அதை அரித்திருக்கிறது. அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியமே நோயை வளர்த்திருக்கிறது.

பிறகு அறை அறையாக வால்வுகளைச் சமன் செய்தார். அந்தக் கணக்கை நான் பின்தொடரவில்லை.

அன்றைய வேலை ஆறு மணித்தியாலம். முன்னர் வந்த மூவரும் ஒரு பராமரிப்பு நிறுவனம் அனுப்பியவர்கள். இவரும் அப்படியொரு நிறுவனத்துக்கு இரண்டு வருடம் ஓடியிருக்கிறார். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று வெட்டிய கூலி. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் தன் கைக்காசு. தண்ணீரை இறக்கி, கலத்தைச் சோதிக்க அதில் நேரம் எங்கே? ஆகவே அழுத்தத்தை ஏற்றிவிட்டு ஓடு. அடுத்த கிழமை இன்னொருவர் வருவார். அதற்கும் ஒரு கணக்கு எழுதலாம். குறடு பிடிக்காத ஒருவர் எங்கோ ஒரு மேசையில் இருந்துகொண்டு, வீட்டுக்காரரிடம் மாதச் சந்தாவும் வேலைக்காரரின் கூலியில் பங்கும் எடுக்கிறார். வேலை தெரிந்தவரை வேலை செய்யவிடாமல் வைத்திருப்பதுதான் அவருக்கு இலாபம். எண்பது வயதில் ஒரு பெண் மேலங்கியோடு படுத்தெழும்பிய மூன்று கிழமை அந்த இலாபத்துக்குள் இருக்கிறது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

போகும்போது செப்புக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்ரிக் பையைக் கட்டிவிட்டார். "மூண்டு நாள் கழிச்சு வந்து பாருங்கோ அண்ணை. ஒரு சொட்டு இருந்தாலும் கோல் எடுங்கோ."

மூன்றாம் நாள் போனேன். பை காய்ந்திருந்தது.