பெலெம் கரையில் ஒரு பந்தாட்டச் சங்கம்

லிஸ்பன் நகரின் மேற்கே, டேகஸ் நதிக்கரையில் உள்ளது பெலெம். 1497-ல் வாஸ்கோ ட காமா நம் நாட்டை நாடிக் கப்பலேறிய இடம் இதுவே. அக்கப்பற் பாய்களில் விளங்கிய சிவப்புச் சிலுவைதான், 1919-ல் இங்கே தோன்றிய 'பெலெனென்சஸ்' கால்பந்துச் சங்கத்தின் சின்னம். அதன் ரெஸ்டெலோ மைதானத்துப் படிகளில் அமர்ந்தால் நதி தெரியும்.

1946-ல் தேசத்திலேயே முதலிடம் பெற்ற இச்சங்கம், 2012-ல் தன் ஆட்டக் கம்பெனியின் பெரும்பங்கை வெளியாருக்கு விற்றது. 2018-ல் பிணக்கு முற்றிற்று. கம்பெனிக் குழு முதற்பிரிவோடு வெளியேறியது. சங்கத்தாரோ புதுக்குழு திரட்டி, மாவட்டப் பந்தயங்களின் கடைசிப் படியில் நின்றனர். ஆண்டுக்கொரு படியாக ஏறி, 2023-ல் இரண்டாம் பிரிவை எட்டினர். மறு ஆண்டே மூன்றாவதற்கு இறங்கினர்.

இறங்கினால் என்ன? பிறர் வீட்டு விருந்தினும் தன் வீட்டுக் கூழ் இனிதன்றோ!