ஜனாஸாவுக்குக் கட்சி உண்டா?



பெருநாளன்று பிரியாணிக்குத் தாளிக்கையில் நம் இல்லத்துப் பெண்கள் நான்கைந்து கிராம்பை எண்ணெயில் இடுவார்கள். அந்த வாசனை எழும்போதெல்லாம் எனக்கு ஒரு தீவின் நினைவும் ஒரு நண்பரின் நினைவும் சேர்ந்தே எழும். அந்த நினைவோடு என் சொந்தப் பிழை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

2000ஆம் ஆண்டில் நான் கல்லூரி விடுதியில் தங்கி வரலாறு பயின்று கொண்டிருந்தேன். என் அறைக்கு அடுத்த அறையில், கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸான்ஸிபார் தீவுக் கூட்டத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் இருந்தார். ஸான்ஸிபார் என்பது உங்கூஜா, பெம்பா என்னும் இரு பெரிய தீவுகளும் பல சிறு தீவுகளும் கொண்டது. அவர் பெம்பாவைச் சேர்ந்தவர். அவருடைய தாயார் துணியில் முடிந்து கொடுத்தனுப்பிய கிராம்பைத் தேநீரில் இட்டு எங்களுக்கும் தருவார். பஜ்ருத் தொழுகைக்கு என்னை எழுப்பிவிடுபவரும் அவரே.

நான் அரபு ஓரளவு கற்றிருந்தபடியால், அவருடைய ஸ்வாஹிலி மொழியில் கலந்திருந்த அரபுச் சொற்கள் எனக்கு வியப்பூட்டின. அரசியலை அவர்கள் ‘ஸியாஸா’ என்கின்றனர்; வாக்கைக் ‘கூரா’ என்கின்றனர். சீட்டுக் குலுக்கிப் போடுவதைக் குறிக்கும் ‘குர்ஆ’ என்னும் அரபுச் சொல்லே அவ்வாறு மருவியது. “எங்கள் ஊரில் வாக்குப் போடுவதும் சீட்டுக் குலுக்குவதும் ஒன்றுதான், சகோதரரே” என்று ஒருநாள் அவர் சிரித்தபடி கூறினார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அத்தீவுகளின் ஆட்சிமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1890 முதல் பிரிட்டிஷ் பாதுகாப்பில் ஸுல்தான்களால் ஆளப்பட்ட நாடு அது. 1963 டிசம்பர் 10இல் விடுதலை பெற்றது. ஒரு மாதம் கழிந்து, 1964 ஜனவரி 12இல் புரட்சி வெடித்து ஸுல்தானின் ஆட்சி வீழ்ந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 26இல் எதிர்க்கரையிலுள்ள தங்கனீக்காவுடன் அது இணைய, பின்னர் தான்சானியா என்று பெயர்பெற்ற நாடு தோன்றிற்று. எனினும் ஸான்ஸிபாருக்குத் தனி அதிபர் உண்டு. தனிச் சட்டமன்றம் உண்டு. காழி நீதிமன்றங்கள் உண்டு. தனித் தேர்தல் ஆணையமும் உண்டு. இராணுவம், காவல்துறை, வெளியுறவு முதலியன ஒன்றிய அரசின் கையில் உள்ளன. ஆதலால் தேர்தல் நாளில் அத்தீவின் வாக்காளர் ஐந்து சீட்டுகளைக் கையில் பெறுகிறார். நாட்டின் அதிபருக்கு ஒன்று, தீவின் அதிபருக்கு மற்றொன்று. நாடாளுமன்றம், தீவின் சட்டமன்றம், உள்ளூர் மன்றம் ஆகியவற்றுக்கு ஏனைய மூன்று.

அங்கு மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களே. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள். ஒரே மொழி பேசுபவர்கள். அத்தகையோர் தேர்தல் வந்ததும் இரண்டாகப் பிளந்ததுதான் துயரம். இந்தப் பிளவு புதிதன்று. முதல் தேர்தல் நடந்த 1957இலிருந்தே கட்சிப் பகை ஊர்தோறும் பரவியது. 1961 ஜனவரித் தேர்தலில் பெம்பாவின் சாக்கே சாக்கே தொகுதியில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வெற்றி தீர்மானமாயிற்று. மன்றம் சரிபாதியாகப் பிரிந்து நின்றமையால் ஜூன் மாதம் மறுபடியும் தேர்தல் வைத்தனர். அதையொட்டி எழுந்த கலவரத்தில் 68 பேர் மாண்டனர். 1963இல் 54 சதவீத வாக்குகளைப் பெற்ற கட்சிக்கு 31 இடங்களில் 13 மட்டுமே கிடைத்தன. வாக்கில் வென்றவர் ஆட்சியில் தோற்றனர். அந்த மனக்காயமும் பின்னர் வந்த இரத்தப் பெருக்குக்கு ஒரு காரணமாயிற்று.

புரட்சிக்குப்பின் நெடுங்காலம் ஒரே கட்சியின் ஆட்சி. 1992இல் மீண்டும் பல கட்சிகளுக்கு இடமளிக்கப்பட்டது. 1995 அக்டோபரில் நடந்த தேர்தலில் ஆளும் சி.சி.எம். கட்சியின் ஸல்மின் அமூர் 50.2 சதவீதமும், எதிர்த்து நின்ற சி.யூ.எஃப். கட்சியின் ஸைஃப் ஷரீஃப் ஹமத் 49.8 சதவீதமும் பெற்றதாக அறிவித்தனர். அந்த முடிவை எதிர்க்கட்சி ஏற்கவில்லை. கிராம்புத் தோட்டங்கள் நிறைந்த பெம்பா எதிர்க்கட்சியின் கோட்டையாக இருந்தது. கிராம்பை அரசு நிறுவனத்துக்கே விற்க வேண்டும், அரசு சொன்னதே விலை என்னும் நிலையால் அங்கு மனக்குறை ஏற்கெனவே முற்றியிருந்தது.

என் நண்பர் கூறியது அதன் பிறகான காலத்தை. எதிர்க்கட்சிக்காரர் கடையில் ஆளுங்கட்சிக்காரர் உப்பு வாங்க மாட்டாராம். ஒரே வண்டியில் ஏற மாட்டாராம். சில ஊர்களில் பள்ளிவாசலும் பிரிந்ததாம். கணவன் ஒரு கட்சி, மனைவியின் தமையன் மறு கட்சி என்பதற்காகத் தலாக் வரை சென்ற குடும்பங்களும் உண்டாம். கடைசியாக அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: அவருடைய தாய்மாமன் ஆளுங்கட்சிக்காரர், அவர் மரணமடைந்தபோது நண்பரின் தந்தை ஜனாஸாவுக்குப் போகவில்லை. மையித்தைச் சுமக்க ஆட்கள் போதாமல் வெளியூரிலிருந்து வரவேண்டியதாயிற்று. பதினாறு வயதுப் பிள்ளையாக அவர் தந்தையின் அருகே திண்ணையில் அமர்ந்திருந்தாராம்.

நான் அவரிடம் வாதிட்டேன். ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா அல்லவா? ஊரில் ஒருவரும் நிறைவேற்றாவிடில் ஊரே குற்றவாளி ஆகுமே! ஓதிய முஸ்லிம் ஒருவர் கட்சிக்காக அதனை விடுவாரா? “எங்கள் ஊரில் இப்படி நடக்கவே நடக்காது” என்று நெஞ்சு நிமிர்த்திக் கூறினேன். அவர் பதில் பேசவில்லை. என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

2000 அக்டோபரில் மறு தேர்தல். குளறுபடிகளால் 16 தொகுதிகளில் மீண்டும் வாக்கெடுக்க வேண்டி வந்தது. எதிர்க்கட்சி முடிவை ஏற்கவில்லை. 2001 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. நம் நாட்டில் குடியரசு நாள். அன்று காலையில்தான் குஜராத்தில் பூகம்பம் நேர்ந்தது. மறுநாள் எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் பூஜ் நகரத்து இடிபாடுகள். விடுதியில் நாங்கள் நிவாரணத்துக்குப் பணம் திரட்டிக் கொண்டிருந்தோம். நண்பரும் தம் பங்கைத் தந்தார். அதே 26, 27ஆம் நாட்களில்தான் அவருடைய தீவுகளில், மறு தேர்தல் கோரி ஊர்வலம் சென்ற மக்கள்மீது காவல்துறை சுட்டது. பின்னர் அமைந்த விசாரணைக் குழு 31 பேர் மாண்டதாகக் கூறிற்று. 2,000க்கு மேற்பட்டோர் படகேறிக் கென்யக் கரைக்கு ஓடினர். நாங்கள் படித்த பத்திரிகைகளில் அச்செய்தியை நான் காணவில்லை. நண்பர் மூன்று இரவுகள் தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே நின்றார், இணைப்புக் கிடைக்கவேயில்லை. சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது. தந்தையும் படகில் சென்றோருள் ஒருவர், உயிரோடு இருக்கிறார். அவருடைய கைப்பையையும் கைப்பிள்ளையையும் சுமந்து படகேற்றிவிட்டவர் யார் தெரியுமா? மாண்டுபோன அந்தத் தாய்மாமனின் மகன், ஆளுங்கட்சிக்காரர்.

படிப்பு முடிந்து அவர் ஊர் திரும்பினார். நான் மதரஸாவில் ஆசிரியனானேன். ஆண்டுகள் சென்றன.

2011 அக்டோபரில் நம் மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஊரில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நம்மவர்களிலேயே இருவர் நின்றனர். இருவரும் எனக்கு உறவினர். பேச்சு வன்மை உண்டென்று என்னை ஒரு தரப்பார் அழைத்துக் கொண்டனர். நானும் தெருமுனையில் ஏறி நின்று பேசினேன். எதிர்த் தரப்புக்காக அலைந்தவர்களுள் ஒரு பெரியவர் இருந்தார். எனக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்தவர் அவர். அவரைப் பெயர் சொல்லாமல் குத்திப் பேசினேன், கூட்டம் சிரித்தது. ஆறு வாரங்களில் அவர் வஃபாத்தாகிவிட்டார்.

நான் ஊரில்தான் இருந்தேன். மதரஸாவில் பரீட்சை என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக் கொண்டேன். உண்மை யாதெனில், அந்த வீட்டு வாசலில் நிற்க எனக்கு முகமில்லை. அதனைக் கோபம் என்று பெயரிட்டு மறைத்துக் கொண்டேன். மறுநாள் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: “ஹஜ்ரத், நேற்று நீங்க ஏன் மையவாடிக்கு வரல?”

அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. பாடத்தைத் திறக்கச் சொன்னேன். ஆனால் அன்று முழுவதும் பெம்பாவின் ஒரு திண்ணையும், தந்தையருகே அமர்ந்த பதினாறு வயதுப் பிள்ளையும் என் கண்முன் நின்றனர். நடக்கவே நடக்காது என்று நான் சொன்ன ஊர் என் ஊர்தான், நடத்தியவனும் நானேதான்.

மூன்றாம் நாள் அந்த இல்லத்துக்குச் சென்றேன். பெரியவரின் மகன் நாற்காலி எடுத்துப் போட்டார். வெகுநேரம் கழித்து, “கடைசி வாரத்தில் அத்தா உங்களைக் கேட்டாங்க” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

வாசகர்களே, ஸான்ஸிபாரின் பிந்திய கதையையும் கேளுங்கள். 2009 நவம்பரில் அதிபர் அமானீ கரூமேயும் ஸைஃப் ஷரீஃபும் நேரில் அமர்ந்து பேசிச் சமரசம் கண்டனர். ‘மரிதியானோ’ என்று அதற்குப் பெயர். ‘ரிளா’ என்னும் நம் சொல்லே அதன் வேர். இரு கட்சிகளும் சேர்ந்து ஆள்வதற்கு 2010 ஜூலையில் மக்களின் சம்மதம் கேட்டனர், 66.4 சதவீதத்தினர் ஆம் என்றனர். அவ்வாண்டுத் தேர்தலில் அலீ முஹம்மத் ஷெய்ன் 50.1, ஸைஃப் 49.1. ஒரே சதவீதம்தான் வித்தியாசம். எனினும் ஸைஃப் முடிவை ஏற்று முதல் துணை அதிபரானார். அந்தத் தேர்தல் அமைதியாக முடிந்தது.

அவ்வமைதி நிலைத்ததா? 2015 அக்டோபர் 25இல் வாக்களிப்பு நடந்தது. 28இல் தேர்தல் ஆணையத் தலைவர் தீவின் தேர்தலையே செல்லாது என்றார். அதே நாளில், அதே வாக்காளர் நாட்டின் அதிபருக்கு இட்ட வாக்குகள் மட்டும் செல்லுபடியாயின! 2016 மார்ச்சில் நடந்த மறுதேர்தலை எதிர்க்கட்சி புறக்கணிக்க, ஷெய்னுக்கு 91.4 சதவீதம் என்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் முன்னாள் அதிபர் அபூத் ஜும்பே காலமானார். அவருடைய நல்லடக்கத்துக்கு இரு தலைவர்களும் வந்திருந்தனர். ஷெய்ன் கரம் நீட்டினார். ஸைஃப் அதனைப் பற்றவில்லை. அநீதிக்கு ஆளானவர் என்று அவர் தம்மைக் கருதினார். அவருக்கு நியாயம் இருந்தது என்றே நானும் எண்ணுகிறேன். ஆயினும், ஜனாஸாவுக்கு வந்தாரே, அதனையும் நான் எண்ணிப் பார்க்கிறேன். கரம் பற்றாமல் நின்றது அவருடைய அரசியல். வந்து நின்றது அவருடைய மார்க்கம்.

2020 தேர்தலில் ஹுஸைன் முவின்யி 76 சதவீதத்துக்கு மேல் பெற்று அதிபரானார். இம்முறையும் தேர்தலில் முறைகேடு என்றும், பெம்பாவில் தம்மவர் சுடப்பட்டனர் என்றும் ஸைஃபின் புதிய கட்சியாகிய ஏ.சி.டி. குற்றம் சாட்டியது. இருந்தும் டிசம்பரில் அவர் மீண்டும் துணை அதிபராகப் பதவியேற்றார். இரண்டு மாதம் கழிந்து, 2021 பிப்ரவரி 17இல் கொரோனா தொற்றினால் மரணமடைந்தார். அச்செய்தியை மக்களுக்கு அறிவித்து ஏழு நாள் துக்கம் கடைப்பிடிக்கச் சொன்னவர், அவரைத் தேர்தலில் வென்ற முவின்யியே. பெம்பாவின் மண்ணில் அவரை அடக்கம் செய்தனர்.

2025 அக்டோபர் தேர்தலில் முவின்யி மீண்டும் வென்றதாக அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சி மீண்டும் ஏற்க மறுத்தது. எண்ணிக்கையில் நேர்மை வராதவரை அத்தீவின் புண் ஆறாது. வாக்கைப் பறித்துவிட்டு, ‘சகோதரர்களாக இருங்கள்’ என்று உபதேசிப்பதும் ஒருவகை ஏமாற்றே. இதனை மறைத்துவிட்டு ஒற்றுமையை மட்டும் பேச நான் விரும்பவில்லை.

ஆயினும் நியாயம் கேட்பது வேறு. அண்டை வீட்டு மையித்தை விட்டு விலகுவது வேறு. ஆணையமும் காவல்துறையும் செய்யும் தவறுக்கு, தோளில் சந்தூக்கைச் சுமக்க வேண்டியவன் தண்டனை தருவது எவ்வாறு முறையாகும்?

நண்பரிடமிருந்து இன்றும் எப்போதாவது தகவல் வரும். அவருடைய தந்தை காலமானபோது கபுரில் இறங்கி மையித்தைத் தாங்கியவர் அதே தாய்மாமன் மகன்தான் என்று எழுதியிருந்தார். நான் என் கதையை அவருக்கு எழுதினேன். “எங்கள் ஊரில் நடக்காது என்று சொன்னீர்களே” என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பெரியவரின் பெயரைக் கேட்டு துஆச் செய்தார்.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! வாக்களியுங்கள், கட்சியில் சேருங்கள், தேவையெனில் எதிர்த்துப் பேசுங்கள். அடுத்த தேர்தல் முடிந்தபின் எதிர்த் தரப்பு வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், மற்றவர்கள் புறப்படுமுன் நீங்கள் புறப்படுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நான் இன்று என் மாணவர்களை அவ்வாறே அழைத்துச் செல்கிறேன். அன்று கேள்வி கேட்ட அந்தப் பையன் இப்போது இளைஞன், இருமுறை வாக்களித்துவிட்டான். எந்தக் கட்சிக்கு என்று நான் கேட்டதில்லை. ஊரில் மவ்த்துச் செய்தி வந்தால் சந்தூக்கை எடுக்கப் பள்ளிவாசலுக்கு முதலில் ஓடி வருபவன் அவன்தான்.

வஸ்ஸலாம்.