சந்தோசாவில் ஒரு நாள்

என் வாப்பா அவர்கள் சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதங்களில் ஒரு தீவின் பெயர் அடிக்கடி வரும். "பிலாக்கான் மாத்தி" என்று எழுதுவார்கள். அங்கே ஆங்கிலேயப் பட்டாளத்தாருக்குத் தேநீரும் ரொட்டியும் விற்கும் குத்தகைக் கடையில் அவர்களுக்கு வேலை. ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்திறங்கும் சபராளிகளுள் அவர்களும் ஒருவர். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வருவார்கள், நான்கு மாதம் இருப்பார்கள், மறுபடியும் கப்பல். "அந்தத் தீவில் என்ன வாப்பா இருக்கிறது?" என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். "மலை, பீரங்கி, சோல்ஜர், கொசு" என்றார்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் நான் பெற்றதில்லை.

மலாய் மொழியில் அந்தப் பெயரின் பொருள் மங்கலமானதன்று. 'பிலாக்காங்' என்றால் பின்புறம். 'மாத்தி' என்றால் சாவு. ஆங்கிலேயர் தீவைவிட்டு அகன்ற பின்னர், 1972-ல், அதனை உல்லாசத் தீவாக்க முனைந்த சிங்கப்பூர் அரசு பெயரையும் மாற்றியது. 'சந்தோசா' என்பது புதுப்பெயர். அமைதி என்று மலாய்க்காரர் பொருள் சொல்வர். வடமொழியிலிருந்து அவர்களிடம் சென்ற சொல்லாதலால் நமக்கு அகராதி தேவையில்லை. வாப்பா அவர்கள் 1967-லேயே ஊர் திரும்பிவிட்டார்கள். 1979-ல் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களுடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. தாம் வேலை பார்த்த இடத்திற்குச் சந்தோசம் என்று பெயர் வந்ததை அவர்கள் அறிந்திருந்தார்களா என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தீவுக்குத்தான் 2025 ஜூன் மாதத்தில், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுவாரம், என் மகன் என்னை அழைத்துச் சென்றான். அவன் சிங்கப்பூரில் பொறியாளன். ஒரு மாதம் தங்கிச் செல்லலாமென்று நானும் போயிருந்தேன். பள்ளி விடுமுறை. அவனும் மருமகளும், ஒன்பது வயதுப் பேத்தியும், நான்கு வயதுப் பேரனும், நானும், ஆக ஐவர். முதல்நாள் இரவே அவன் அன்றைய தினத்தை மணிவாரியாக வகுத்துக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தான். கொழும்புக் கப்பலுக்குச் சாமான் கட்டுவது போல மருமகள் தண்ணீர்க் குப்பிகளையும் மாற்றுடைகளையும் பைகளில் அடக்கினாள். என் பங்குக்கு ஒரு மெல்லிய முஸல்லாவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வாப்பா படகில் கடந்த நீரிணையை நாங்கள் ஒற்றைத் தண்டவாள ரயிலில் சில நிமிடங்களில் கடந்தோம். கடற்கரைக்கும் கடற்கரைக்கும் இடையே இருப்பது அவ்வளவு சிறிய தொலைவு. கடிதங்களைப் படித்து நான் மனத்தில் வரைந்திருந்த கடல் மிகப் பெரியது.

முதலில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்கா. 2010-ல் திறக்கப்பட்டது. திரைப்படங்களில் வரும் ஊர்களையும் காலங்களையும் ஒரு குளத்தைச் சுற்றி அடுத்தடுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். நியூயார்க் வீதியில் நடந்து திரும்பினால் பழைய எகிப்து. எகிப்தைத் தாண்டினால் டைனசோர்கள் வாழும் காடு. கல் போலத் தெரிவது கல்லன்று, மரம் போலத் தெரிவது மரமன்று. ஆயினும் செய்தவர்களின் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. சுவரிலே கறை படிந்து காரை பெயர்ந்திருப்பதைக்கூட வேண்டுமென்றே வண்ணம் தீட்டி உண்டாக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதே தோற்றத்தைக் கடற்காற்று இலவசமாகத் தந்துவிடுகிறது!

இத்தகைய பூங்காவில் மனிதன் செய்யும் பெரும்பணி விளையாடுவதன்று; நிற்பது. ஒவ்வொரு விளையாட்டின் வாயிலிலும் காத்திருக்க வேண்டிய நிமிடங்களைப் பலகையில் ஒளிரவிடுகிறார்கள். 60 என்று ஒன்று, 75 என்று மற்றொன்று. வரிசை நேராகச் செல்லாமல் பாம்பாகச் சுருண்டு சுருண்டு செல்கிறது. முன்னே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது கண்ணில் படாதாகையால் மனம் சோர்வதில்லை. ஒரு மணி நேரம் நின்று, விளையாட்டில் இருப்பது மூன்று நான்கு நிமிடம். கூடுதல் பணம் கட்டியவர்களுக்குத் தனி வழி உண்டு; அவர்கள் நம்மைக் கடந்து முன்னே போகிறார்கள். உலகெங்கும் இப்பூங்காக்களின் வழக்கம் இதுவேயாம். பள்ளிவாசல் ஸஃப்பில் நின்று பழகிய கண்ணுக்கு அது சற்று உறுத்தத்தான் செய்கிறது. அன்று மகன் அந்தச் சீட்டை எனக்கு மட்டுமாவது வாங்குகிறேன் என்றான். வேண்டாமென்று மறுத்துவிட்டேன். பிள்ளைகள் பின்னால் நிற்க நான் மட்டும் முன்னே போய் என்ன செய்ய?

எகிப்துப் பகுதியில் இருட்டுக்குள் பாய்ந்தோடும் ரோலர் கோஸ்டர் ஒன்று இருக்கிறது. அதன் வாயிலில் ஓர் உயரக் கோல். அந்தக் கோட்டைத் தலை தொட்டால்தான் உள்ளே விடுவார்கள். பேத்தி தொட்டாள். பேரன் குதிகாலை உயர்த்திப் பார்த்தான், தலைமுடியை மேலே இழுத்துவிட்டுப் பார்த்தான், பின்னர் அழுதான். பக்கத்திலேயே மற்றொரு பலகை: இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாமென்று. எனக்கு வயது 70. இரண்டில் ஒன்று என்னிடம் உண்டு. ஆகவே உயரம் போதாத அவனும் வயது மிகுந்த நானும் வெளியே நிழலில் அமர்ந்தோம். "எப்ப அப்பா நான் வளருவேன்?" என்று கேட்டான். (எங்கள் ஊரில் 'அப்பா' என்றால் பாட்டனார், தகப்பனார் 'வாப்பா'.) "அடுத்த வருஷம்" என்றேன். "அடுத்த வருஷம் நீங்க வருவீங்களா?" "இன்ஷா அல்லாஹ்."

அந்தச் சொல்லை நான் அவன் தகப்பனிடமும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதனை இங்கே எழுதியாக வேண்டும்.

நானும் சபராளியே. வாப்பாவுக்குச் சிங்கப்பூர், எனக்குத் தம்மாம். இரண்டாண்டுக்கு 45 நாள் விடுமுறை. 1988 டிசம்பரில் ஊர் வந்திருந்தேன். மகனுக்கு அப்போது ஆறு வயது. நாகூரில் கந்தூரி நெருங்கிக்கொண்டிருந்தது; ராட்டினக்காரர்கள் வந்திறங்கிக் கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். கந்தூரி கூடுமா கூடாதா என்னும் வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கந்தூரி என்றால் ராட்டினம், அவ்வளவே. நாள்தோறும் மாலையில் அவனைக் கூட்டிச்சென்று ராட்டினம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று காட்டி வருவேன். கொடியேறிய அன்றே ஏறுவோம் என்று வாக்களித்திருந்தேன். 1989 ஜனவரியில், கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே வேலைக்குத் திரும்பும்படி தந்தி வந்தது. பம்பாய்க்கு ரயில் ஏறினேன். "அடுத்த வருஷம், இன்ஷா அல்லாஹ்" என்று சொன்னேன். அடுத்த ஆண்டு விடுமுறை இல்லை. அதற்கடுத்த முறை நான் வந்தபோது கந்தூரி மாதம் இல்லை. அப்படியே அவன் வளர்ந்துவிட்டான்.

அக்காலத்தில் வீட்டார் பேசி நாடாவில் பதிந்து அனுப்புவார்கள். அந்த ஆண்டு வந்த நாடாவில் அவன் குரல்: "ராட்டினம் ஏறல வாப்பா. நீங்க வந்ததும் ஏறுவேன்." தம்மாமில் அறைத் தோழர்கள் உறங்கிய பின்னர் அதனைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் அந்தக் குரல் என்னை விட்டுப் போகவில்லை.

லுஹருக்கு நேரமாயிற்று. இங்கே எனக்கு ஒரு சிக்கல். பிரயாணியாயின் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஆனால் ஷாஃபிஈ மத்ஹபின்படி ஓரிடத்தில் நான்கு நாள் தங்குவதாக நிய்யத்து வைத்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு மாதம் தங்க வந்த நான் முகீம். ஆகையால் அந்தந்த வக்தில் தொழுதாக வேண்டும். ஒளு செய்து வந்து, போலிக் கல்லில் எழுந்து நிற்கும் எகிப்துச் சிலைகளுக்கு அப்பால் ஆளரவமற்ற மூலையொன்றைத் தேடினேன். கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்கு. நாகூரில் முகம் வைக்கும் திசைக்கும் இதற்கும் இரண்டு மூன்று பாகைதான் வேறுபாடு. அந்நிய ஊரில் அது ஓர் ஆறுதல். முஸல்லாவை விரிக்கும்போது, தலையில் பூங்காவின் தொப்பி அணிந்த மலாய்க்காரர் ஒருவர் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு அருகில் வந்து நின்றார். கையால் என்னை முன்னே போகச் சொன்னார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. தக்பீர் கட்டினேன். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது என் இரு கைகளையும் பற்றிவிட்டுக் குழந்தையுடன் ஓடினார். வரிசையில் அவர் முறை வந்திருக்க வேண்டும். ஃபிர்அவ்னின் தலைவாசலில் நடந்த ஜமாஅத் என்று மருமகள் பின்னர் சொல்லிச் சிரித்தாள்.

பகலுணவு ஹலால் சான்றிதழ் பெற்ற கடையில். சிங்கப்பூர் முஸ்லிம் சமயமன்றம் 1978 முதல் அந்தச் சான்றிதழை வழங்கிவருவதால் நம்மவர்க்குக் கவலையில்லை. பிற்பகலில் நடந்தவற்றைச் சுருக்கிவிடுகிறேன்: நீரில் நனைந்தோம், உடை மாற்றினோம், மஞ்சள் பொம்மைகளின் ஊரில் பேரன் அழுகையை மறந்தான், அஸர் தொழுதேன், என் முழங்கால்கள் என்னோடு பேச ஆரம்பித்தன.

ஐந்தரை மணிக்கு வெளியே வந்தோம். மகனிடம் ஒன்று கேட்டேன்: "பழைய பட்டாளக் கட்டிடம் ஏதாவது மிச்சமிருக்குமா, தம்பி?" அவன் திட்டத்தில் அது இல்லை. கைப்பேசியைப் பார்த்தான், பிள்ளைகளைப் பார்த்தான், "வாங்க" என்றான்.

1904-ல் பீரங்கிப் படையினருக்காகக் கட்டிய பாசறை இன்று உயர்தர விடுதி. வெண்ணிறச் சுவர், நீண்ட தாழ்வாரம். சுற்றியுள்ள சாலைகளின் பெயர்களில் மட்டும் பீரங்கி எஞ்சியிருக்கிறது. உள்ளே போகவில்லை, தங்குபவர்களுக்கான இடம் அது. சாலையோரத்தில் நின்று பார்த்தேன். வாப்பா தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தது இந்தத் தாழ்வாரத்திலா, இடிந்துபோன வேறொன்றிலா, யார் சொல்வார்? ஒரு பணியாள் தட்டில் கோப்பைகளை ஏந்தி அந்தத் தாழ்வாரத்தில் நடந்துபோனார். நான் சலாம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "பெரிய மனுஷங்க இருந்த இடமா அப்பா?" என்று பேத்தி கேட்டாள். "ஆமாம், உன் வாப்பாவுடைய அப்பா இருந்த இடம்" என்றேன்.

சிங்கப்பூரில் ஜூன் மாதத்தில் மஃரிபு ஏழு மணிக்குப் பிறகுதான். பூமத்திய ரேகைக்கு அருகே இவ்வளவு தாமதமா என்று நான் வியந்ததுண்டு. 1982 முதல் அந்நாட்டார் கடிகாரத்தை அரை மணி முன்னுக்கு வைத்துக்கொண்டார்கள். சூரியன் பழைய கணக்கிலேயே மறைகிறது. வாப்பா காலத்தில் இதே அந்தி ஆறரை மணி.

தொழுகைக்குப் பின்னர் மருமகளும் பிள்ளைகளும் ஒரு பெஞ்சில் அமர்ந்துவிட்டார்கள். மகன் எங்கோ சென்று இரண்டு சீட்டுகளுடன் திரும்பினான். மலைமேல் ஒரு கம்பம். அதைச் சுற்றி வட்டமாக இருக்கைகள். கால்கள் அந்தரத்தில் தொங்க, மெல்லச் சுழன்றுகொண்டே மேலே ஏறுகிறது. ஸ்கைஹீலிக்ஸ் என்று பெயர். கடல்மட்டத்திலிருந்து 79 மீட்டர் உயரத்துக்குப் போகுமாம். "மெதுவாத்தான் போகும். பிரஷருக்கு ஒண்ணும் ஆகாது வாப்பா." அங்கும் உயரக் கோல் இருந்தது, பேரன் அதன் பக்கமே போகவில்லை.

மேலே போனதும் கடல் முழுவதும் கப்பல் விளக்குகள். எந்தத் திசையிலிருந்து ரஜுலா வந்திருக்கும் என்று தேடினேன். பிறகு, முப்பத்தாறு ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன். "தம்பி, அந்தக் கந்தூரி ராட்டினம்..."

அவன் சிரித்தான். "நான் ஏறிட்டேன் வாப்பா. அந்த வருஷமே. மாமா கூட்டிட்டுப் போனாங்க. மூணு நாள் ஏறினேன்."

"நாடாவில் ஏறவில்லை என்றாயே?"

"உம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க. வேற ஆளு கூட்டிட்டுப் போனதைக் கேட்டா வாப்பா மனசு தாங்காதுன்னு."

பிள்ளை ஏங்கவில்லை என்று மகிழ்ந்தேனா, நான் இல்லாமலே ராட்டினம் சுற்றிற்று என்று வருந்தினேனா? இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. மறைந்த என் மனைவியை நினைத்தேன். வீட்டில் நடந்தது எதுவும் என்னை வருத்தக்கூடாதென்று அவள் இன்னும் என்னென்ன சொல்லாமல் வைத்திருந்தாளோ! மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். உயரத்துக்காகப் பிடித்தான் என்றே எண்ணினேன். இறங்கும்வரை விடவில்லை.

கீழே பேரன் உறக்கக் கலக்கத்தோடு எழுந்து நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"உங்களை அளந்து பார்த்தாங்களா, அப்பா?"

"பார்த்தார்கள்."

"போதுமா இருந்துச்சா?"