சால்வடோர் நகருக்கு எப்போது செல்வது?

பிரேசில் நாட்டின் கடற்கரை நகர்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கார்னிவல் நாள்களையே நாடுவர். தவக்காலம் தொடங்குமுன் வரும் அந்தக் களியாட்ட வாரத்தில், பாகியா மாநிலத் தலைநகராகிய சால்வடோரின் தெருக்களில் இலட்சக்கணக்கான மக்கள் இரவு பகலாக ஆடிப்பாடுகின்றனர். விடுதிக் கட்டணமும் விண்ணைத் தொடும். அந்நகரைக் காண விழையும் நம் குடும்பங்களுக்கு நான் சொல்வது வேறு. ஆரவாரம் ஓய்ந்து, மழை தொடங்கிய பின், இலையுதிர்காலத்தில் செல்லுங்கள்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழாக வருகின்றன என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். நமது பங்குனி முதல் ஆனித் தொடக்கம் வரை, அதாவது மார்ச் 20 முதல் ஜூன் 21 வரை, அங்கே இலையுதிர்காலம். பெயர்தான் அப்படி; சென்னை வடக்கே 13 பாகையில் இருப்பதுபோல, சால்வடோர் தெற்கே ஏறத்தாழ 13 பாகையில் இருப்பதால், அங்கு இலையும் உதிர்வதில்லை, குளிரும் நடுக்குவதில்லை. மழைதான் பெய்கிறது. ஏப்ரலும் மேயும் ஆண்டிலேயே மழை மிகுந்த மாதங்கள். கடலில் நீராடுவதே நோக்கமாயின் வேறு மாதத்தைத் தேர்ந்துகொள்க.

நனைந்துகொண்டு காணுமளவுக்கு அங்கு என்ன இருக்கிறது?

1501 நவம்பர் 1 அன்று போர்த்துக்கீசியர் அந்த விரிகுடாவுள் நுழைந்தனர். அனைத்துப் புனிதர் திருநாளாதலால் அதற்கு அப்பெயரையே இட்டனர். 1549-இல் எழுந்த நகரம் 1763 வரை பிரேசிலின் தலைநகராக விளங்கிற்று. கோவா செல்லும் கப்பல்களும் திரும்பும் கப்பல்களும் இங்கு நங்கூரமிட்டதுண்டு. நம் தேரிக்காட்டில் வளரும் முந்திரிக்குத் தாய்நாடு அந்தக் கரைதான். அவர்கள் கடற்கரையில் நிற்கும் தென்னையோ போர்த்துக்கீசியர் கொண்டுபோய் நட்டது. நகரம் மேட்டில் ஒரு பாதி, துறைமுகத்தருகே ஒரு பாதி என இரு தட்டாக அமைந்தது. இரண்டையும் இணைக்கும் லசெர்டா மின்தூக்கி 1873 முதல் மக்களைச் சுமக்கிறது. அதன் உயரம் 72 மீட்டர்.

மேல்நகரின் பழைய பகுதிக்குப் பெலோரின்யோ என்று பெயர். வண்ண வண்ண வீடுகளைக் கண்டு களிக்குமுன் அச்சொல்லின் பொருளை அறிந்துகொள்வது நலம்: அடிமைகளைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடிக்கும் கம்பம். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே இன்றைய நகர மக்களுள் பெரும்பான்மையோர். ஊரார் புகழும் அந்தப் பாட்டும் மேளமும் அவர்கள் தந்தவை.

அங்குள்ள இரண்டு கோவில்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று, உட்புறமெங்கும் பொன் தகடு ஒளிரும் புனித பிரான்சிஸ்கு ஆலயம். 2025 பிப்ரவரி 5 அன்று அதன் உட்கூரையின் ஒரு பகுதி சரிந்து, காண வந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார், ஆலயம் மூடப்பட்டது. எனவே திறந்திருக்கிறதா என விசாரித்தே செல்ல வேண்டும். மற்றொன்று, சரிவான தெருவில் நீல நிறத்தில் நிற்கும் கறுப்பரின் செபமாலை அன்னை ஆலயம். வெள்ளையரின் சபைகளில் இடம் பெறாத மக்கள் தமக்கெனச் செபமாலைச் சபை அமைத்து, 1704-இல் அதைக் கட்டத் தொடங்கினர். பகலெல்லாம் எசமானருக்கு உழைத்து, இரவில் தமக்குரிய நேரத்தில் கல் சுமந்தனர். கட்டி முடிக்க ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. பின்புறத்தில் அடிமைகளின் கல்லறைத் தோட்டம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் அங்கே மேளம் முழங்கத் திருப்பலி நிகழ்கிறது. இரண்டில் ஒன்றுக்கே நேரமிருக்குமாயின், பொன் கோவிலை விட்டுவிடலாம் என்பேன். வடக்கன்குளத்துக் கோவிலில் சாதிக்குச் சாதி பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிபட்டது. அதை மறவாத நாம், சால்வடோரின் அந்தத் தெருவில் அயலாராக நிற்க முடியாது.

கீழ்நகரில் ஏழைகளின் புனித துல்சேயின் திருத்தலம் உண்டு. 1914 மே 26 அன்று இந்நகரில் பிறந்த இவ்வருட்சகோதரி, 1949-இல் தங்க இடமற்ற எழுபது நோயாளிகளைக் கன்னியர் மடத்தின் கோழிக்கொட்டிலில் கிடத்திப் பேணினார். அந்தக் கொட்டிலே பெரிய மருத்துவமனையாய் வளர்ந்தது. 2019 அக்டோபர் 13 அன்று புனிதர் பட்டம் பெற்றார். அங்கிருந்து சற்றுத் தொலைவில், குன்றின்மேல் போன்ஃபிம் ஆலயம். 1745-இல் போர்த்துக்கல்லிலிருந்து வந்த பாடுபட்ட சுரூபம் அங்கு வணங்கப்படுகிறது. கம்பியழிகளில் ஆயிரமாயிரம் வண்ண நாடாக்கள். மூன்று முடிச்சிட்டு மூன்று வேண்டுதல் செய்வது வழக்கம். வாசலில் நாடா விற்போர் விடாமல் பின்தொடர்வர். சிரித்து நகர்ந்துவிடுவதே வழி.

தெருமுனைகளில் வெள்ளுடை உடுத்த பெண்கள் அகராஜே விற்கின்றனர். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்தது. நம் வடைக்கு உடன்பிறப்பு. நடுவே பிளந்து இறாலும் மிளகாய்ச் சாந்தும் வைப்பர். எண்ணெய் கனமானது, முதல் நாளே அளவின்றி உண்ண வேண்டா.

இனி ஏற்பாடுகள். நமக்கு விசா தேவை. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையேல் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படலாம். பயணத்துக்குப் பத்து நாள்களுக்கு முன்னரேனும் ஊசி போட்டுக்கொள்க. கிண்டி கிங் நிலையத்தில் போடப்படுகிறது. அறுபது வயது கடந்தோர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நேர்விமானம் இல்லை; பெரும்பாலோர் சாவோ பாவுலோ வழியாகவே செல்கின்றனர். போர்த்துக்கீசிய மொழியில் பத்துச் சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். தாலிக்கொடி தவிர்த்த நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். தாலிக்கொடியையும் உடைக்குள் மறைத்துக்கொள்வது நல்லது.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டார் மே நடுப்பகுதியில் செல்லலாம். 1888-இல் பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த நாள் மே 13. துல்சேயின் பிறந்தநாள் மே 26. பள்ளிக் கவலை இல்லாதோர் ஜூன் முதல் நாளுக்குக் காத்திருக்கலாம். அன்று தொடங்கிப் பதின்மூன்று நாள்கள் பாகியாவின் வீடுகளிலும் கோவில்களிலும் புனித அந்தோணியாருக்குச் செபமும் பாட்டும் நடக்கும். தெருக்களிலோ ஜூன் 24, புனித அருளப்பர் திருநாளுக்காகத் தோரணங்கள் ஏறிக்கொண்டிருக்கும். எம்மாதமாயினும் குடையை மறவாதீர்.