கையா, முக்காலியா?

மட்டக்களப்பிலிருந்து கடலோரப் பாதையில் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வந்தால் கல்முனையை அடையலாம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஓரூரில் பாங்கோசை, அடுத்த ஊரில் கோயில் மணியோசை, மருதமுனையில் தறியோசை. கிழக்கே கடல், மேற்கே வயல்களும் நீர்நிலைகளும்.

அந்த மேற்குப் புறத்து நீரைக் கடந்து நாவிதன்வெளிக்குச் செல்லும் வழியில் உள்ளது கிட்டங்கித் தாம்போதி. மாரி பலத்த நாட்களில் வெள்ளம் அதன்மேல் புரண்டு போக்குவரத்தை மறித்துவிடும். வெள்ளம் வடிந்ததும் பறவைகள் வந்து கூடும். கொக்கும் நீர்க்காகமும் செம்பருந்தும் நம் ஊர்வாசிகள். மீசை ஆலாக்களோ மாரிக்கு வரும் விருந்தினர்.

2018ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த வாரத்தில் அவ்விடம் சென்றேன். என்னை அழைத்துச் சென்றவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த நண்பர், கணித ஆசிரியர். ஒரு காலத்தில் கமராவும் கையுமாகத் திரிந்தவர். நோயொன்றின் பின் கையில் சிறு நடுக்கம் கண்டது. கமரா அலமாரிக்குள் போயிற்று. அதைப் பொறாத அவர் மகன், தன் முதற் சம்பளத்தில் நல்லதொரு முக்காலி வாங்கிக் கொடுத்திருந்தான். அன்று அதற்கு வெள்ளோட்டம்.

தாம்போதியின் கிழக்கு முனையில் மேற்கு நோக்கி நின்றோம். காலை வெயில் நம் முதுகில். வாடைக் காற்றும் முதுகில். பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். ஆகையால் அந்த இடத்தில் நின்றவனுக்குப் பறவையின் முகமும் ஒளியும் ஒருங்கே கிட்டும்.

ஆயினும் ஒரு மணி நேரமாகியும் நண்பருக்கு ஒரு படமும் வாய்க்கவில்லை. ஆலா வானில் ஒரு நேர்கோட்டில் போவதில்லை. நீரைத் தொடும், மேலே எழும், திடீரெனத் திரும்பும். முக்காலியின் தலையைத் தளர்த்தித் திருப்புவதற்குள் வானம் வெறிச்சோடிவிடும். போதாக்குறைக்கு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், “காலைக் கொஞ்சம் எடுங்க சேர்!” என்றார். எந்தக் காலை என்று நண்பர் தம் கால்களைப் பார்க்க, நாங்கள் சிரித்துவிட்டோம்.

மகனே முதலில் சொன்னான்: “வாப்பா, கழட்டிக் கையில எடுத்துப் பாருங்களன்.”

“கை நடுங்குதே மகன்.”

நான் கேட்டேன்: “சேர், உங்கள் கை விநாடிக்கு எத்தனை முறை நடுங்கும்?”

“ஐந்து முறை இருக்கும்.”

“கமராவின் கதவை விநாடியில் 2000இல் ஒரு பங்கு நேரமே திறந்து வைத்தால்?”

கணித ஆசிரியர் கணக்கை விடுவாரா? ஒரு நடுக்கத்துக்கு விநாடியில் ஐந்திலொரு பங்கு. கதவு திறந்திருப்பதோ அந்த நடுக்கத்தின் 400இல் ஒரு பங்கு. அதற்குள் கை எவ்வளவு தூரம் அசைந்துவிடும்? சற்று நேரம் பேசாதிருந்தவர், தாமாகவே திருகாணியைக் கழற்றினார்.

இடக்கையால் வில்லையைக் கீழிருந்து தாங்கி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கால்களை அகல ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்பவேண்டும். பறவையை முதலிலேயே கண்ணாற் பற்றிக்கொள்ளவேண்டும்; பொத்தானை அழுத்திய பின்னும் திரும்புவதை நிறுத்தலாகாது. 1882ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே, பறக்கும் பறவைகளைப் பதிவு செய்யத் துப்பாக்கி வடிவில் ஒரு கமரா அமைத்தார். விநாடிக்கு 12 படங்கள் எடுக்கும் அக்கருவியைத் தோளில் அணைத்தே அவர் பறவையைக் குறிபார்த்தார். பறப்பதைப் பின்தொடர உடலும் உடன் திரும்பவேண்டும் என்பது அன்றே விளங்கியிருந்தது.

நண்பர் நாற்பது, ஐம்பது முறை அழுத்தினார். பலவற்றில் வெறும் வானம். சிலவற்றில் அரைச் சிறகு. ஒன்றில் மட்டும், நீரைத் தொட்டு எழும் ஆலா, அலகில் சிறு மீனோடு, சிறகின் ஒவ்வோர் இறகும் எண்ணத்தக்கதாய் நின்றது. அவர் அதை மகனிடம் நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. அப்போதும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்படியாயின் முக்காலி வீணா? மகனின் முகத்திலும் அந்தக் கேள்வியைக் கண்டேன். வீட்டில் இடியப்பமும் சொதியும் உண்டு இளைப்பாறி, மாலையில் மீண்டும் அங்கே சென்றோம். வெளிச்சம் மங்கிவிட்டது. கரையோரம் ஒரு மடையான் சிலைபோல் நின்றது. இப்போது கதவு விநாடியில் 30இல் ஒரு பங்கு நேரமாவது திறந்திருக்கவேண்டும். நடுங்காத கையும் இங்கே தோற்கும். கனத்த பெருவில்லையை நெடுநேரம் தாங்குவோருக்கும் இதே நிலைதான். தராசுபோல் சமன் செய்து எப்பக்கமும் திரும்பும் தலை பூட்டிய முக்காலி அவர்களுக்குப் பறவையைப் பின்தொடரவும் உதவும்.

“மகன், அந்த முக்காலிய எடுத்து வாங்க,” என்றார் நண்பர்.

மகன் ஓடிப்போய் எடுத்து வந்தான். மூன்று கால்களையும் அவனே விரித்து, மண்ணில் நன்றாக ஊன்றி, வாப்பாவுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றான்.